கர்ணன் வாங்கிய கார்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் கர்ணனும் ரபீக்கும் கம்பத்திலிருந்து தேனிக்குப் புறப்பட்டார்கள். கர்ணனின் மடியில் அவனுடைய கம்ப்யூட்டர் பெட்டி, பழைய போர்வை ஒன்றில் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. சொந்த ஜீப் இருக்கும்போது எதற்கு பஸ் என்று ரபீக் கேட்டதற்கு, பிரேக் வேலை பாக்கி இருக்கிறது என்று சொன்னான். ரபீக் அதை நம்பினான்.

மூன்று வாரமாக அவர்களுக்குள் இதே பேச்சுதான். திரையில் கேம் தெளிவாக ஓட எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது? தேனி அல்லிநகரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எபனேசர் இரண்டைச் சொல்லியிருந்தார். ஒன்று பச்சைப் பெட்டியில் வருவது. வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம் போலவே காட்டும், ஆனால் மெமரி எட்டு ஜிபிதான். இன்னொன்று சிவப்புப் பெட்டி. மெமரி பதினாறு ஜிபி, நாலைந்து வருடத்துக்குக் கவலை இல்லை, வெளிச்ச விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால்தான் முடிவு எடுக்க முடியவில்லை.

"எட்டு ஜிபிய வச்சுக்கிட்டு அடுத்த வருசம் என்ன செய்வ?" என்றான் ரபீக். "புதுசா வர்ற கேம் எல்லாம் பத்துக்கு மேல கேக்குது."

"அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம். எனக்கு வெளிச்சம்தான் மாப்ள முக்கியம். நைட் ரேஸ்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கார்டு கெழண்டு போச்சு."

"மானிட்டர மாத்துனப்பவும் இதத்தான சொன்ன?"

"மாத்துனேன். அப்பவும் தெரியல. அப்ப கோளாறு கார்டுலதான?"

கேட்டால் சரியாகத்தான் இருந்தது. ரபீக் மேற்கொண்டு வாதாடவில்லை.

இருவருக்கும் முப்பத்தாறு வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்கு இருவருமாகக் காசு போட்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கார் கேம் விளையாடியவர்கள். கர்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொள்வான், அதாவது இடது வலது பொத்தான்கள். வேகமும் பிரேக்கும் ரபீக்குக்கு. பள்ளிக்கூடம் முடிந்ததும் ரபீக் கல்லூரிக்குப் போனான், கர்ணன் அவன் அப்பாவின் ஜீப்பில் ஏறினான். இப்போது ரபீக் உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறான். கர்ணன் சுருளிப்பட்டியிலிருந்து விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அவர்களைத் திரும்பக் கொண்டுவருகிறான். பதினாறு வருடமாக அதே தடம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ரபீக்தான் பாகம் பாகமாக வாங்கி கர்ணனுக்கு அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தான். அதிலிருந்து ஞாயிறு மதியம் என்றால் ரபீக் சுருளிப்பட்டியில்தான் இருப்பான். கர்ணனின் மனைவி அனுசுயா இருவருக்கும் டீ வைத்துக் கொடுத்துவிட்டு, "நாள் பூரா ஜீப்ப ஓட்டுறது பத்தலையா, இங்கன வந்தும் ஓட்டணுமா?" என்பாள். இங்கே ஓட்டினால் டீசல் செலவில்லை என்பான் கர்ணன். முன்பெல்லாம் ரபீக் அவனை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. இந்த ஒன்றரை வருடமாக ரபீக்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். தனக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்து உள்ளூர சந்தோஷப்பட்டும் இருந்தான்.

எபனேசரின் கடை மாடியில் இருந்தது. படி கொஞ்சம் இருட்டு. கர்ணன் பெட்டியை ரபீக்கிடம் கொடுத்துவிட்டு, சுவரில் ஒரு கையை வைத்துத் தடவியபடி ஏறினான். மேலே எபனேசர் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்களைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றில் பச்சைப் பெட்டிக் கார்டு, மற்றதில் சிவப்புப் பெட்டிக் கார்டு. முன்னால் ஒரே மாதிரி இரண்டு மானிட்டர்கள்.

"வழக்கமா யாருக்கும் இப்படி மாட்டிக் காட்டுறதில்லண்ணே," என்றார் எபனேசர் சிரித்துக்கொண்டே. "மூணு வாரமா போன்ல நீங்க ரெண்டு பேரும் என் உசுர எடுத்துட்டீங்க. கண்ணால பாத்து நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

இரண்டு திரையிலும் ஒரே கேமின் ஒரே காட்சி ஓடியது. மழை பெய்யும் இரவு. நகரத்துத் தெரு. நனைந்த சாலையில் கடை விளக்குகளின் நிறம் வழிந்து கிடந்தது. பச்சைப் பெட்டிக் கார்டில் அந்த நிறங்கள் தண்ணீரில் நெளிந்தன. சிவப்புப் பெட்டிக் கார்டில் அவ்வளவு நெளிவு இல்லை, ஆனால் ஓட்டம் வழவழவென்று இருந்தது. இத்தனை நாள் வாதாடியது இந்த வித்தியாசத்துக்குத்தானா என்று ரபீக்குக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

எபனேசர் இரண்டையும் நிறுத்தினார். "இந்த ஓரத்துல குடை புடிச்சு ஒரு ஆள் நிக்கிறாரு பாருங்கண்ணே. இதுல அவரு மூஞ்சி தெரியுது. அதுல வெறும் நிழலாத்தான் தெரியுது. இதாண்ணே வித்தியாசம்."

"ஆமா ஆமா. இதுல நல்லா தெளிவா இருக்கு," என்றான் கர்ணன்.

ரபீக் தற்செயலாகத்தான் அவன் முகத்தைப் பார்த்தான். குடை பிடித்த ஆள் திரையின் இடது ஓரத்தில் நின்றான். கர்ணன் வலது பக்கம் எரிந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஆள் யாரும் இல்லை.

"ஓட்டிப் பாக்குறீங்களா?" என்று எபனேசர் கேம் ஆடும் ஸ்டியரிங்கை அவன் பக்கம் நகர்த்தினார்.

கர்ணன் உட்கார்ந்தான். ஸ்டியரிங்கில் கை வைத்ததும் அவன் தோள்கள் தளர்ந்து தன் இடத்துக்கு வந்துவிட்டவன் போல ஆனான். அவன் கார் எடுத்த விதத்திலேயே எபனேசர், "அண்ணன் நெசமாவே டிரைவருதான்," என்றார். முதல் திருப்பம் அழகாகப் போனது. இரண்டாவது திருப்பத்தில் இடது பக்கமிருந்து ஒரு பெண் சாலையைக் கடந்தாள். ரபீக் அவளை நன்றாகப் பார்த்தான். எபனேசரும் பார்த்தார். கர்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கார் அவள்மேல் ஏறிப் போனது.

"என்னது அது? எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்றான் கர்ணன்.

"இன்னொரு தடவ போங்க."

இன்னொரு தடவை போனான். அதே பெண், அதே இடம். மறுபடியும் இடித்தான். நாற்காலியை மாற்றி அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அதிலும் இடித்தான். எபனேசர் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வைத்தார். தெரு பகல் மாதிரி வெளுத்துவிட்டது. அப்போது அந்தப் பெண்ணைத் தாண்டிவிட்டான், ஆனால் ஓரத்தில் நின்ற வண்டியில் மோதினான்.

எபனேசர் ரபீக்கைப் பார்த்தார், ரபீக் தரையைப் பார்த்தான். எபனேசர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, கண்ணாடி எதும் போடுவீங்களா?"

"கண்ணுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு," என்றான் கர்ணன். பக்கத்து மேசையில் கிடந்த ஒரு கார்டுப் பெட்டியை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துக் காட்டினான். பிறகு அதை வைத்துவிட்டு, "பச்சப் பெட்டியவே மாட்டிருங்க," என்றான்.

"இன்னொரு நாள் வந்து வாங்கிக்கிருவோமே மாப்ள," என்றான் ரபீக்.

"இன்னைக்கே மாட்டணும்."

எபனேசர் பெட்டியைத் திறந்து பழைய கார்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். அரை மணி நேரம் ஆனது. வழக்கமாக ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கேள்வி கேட்கும் கர்ணன், அன்று சுவரோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரபீக் ஒரு கிளாசை அவனுடைய இடது பக்கமாக நீட்டினான். வேண்டுமென்றேதான் நீட்டினான். கர்ணன் வாங்கவில்லை. எதிரே பார்த்தபடி, "டீ சொன்னியா இல்லையா?" என்று கேட்டான்.

"கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன் மாப்ள."

கர்ணன் முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தான். கிளாசையும் ரபீக்கையும் பார்த்தான். வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான்.

"எத்தன நாளா?" என்றான் ரபீக்.

"என்னது எத்தன நாளா?"

"என்கிட்டயுமா மறைப்ப?"

பக்கத்தில் போடி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கர்ணன் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வருசம் இருக்கும்," என்றான். "பகல்ல ஒண்ணும் இல்ல மாப்ள. எதிர்க்க உள்ளது அம்புட்டும் பளிச்சுனு தெரியும். இருட்டுனாத்தான். அப்பறம் பக்கத்துல வர்றது தெரிய மாட்டேங்குது, திடீர்னு முன்னாடி வந்து நிக்குது. மொத ஜீப்பு லைட்டுலதான் கோளாறுன்னு நெனச்சு பல்ப மாத்துனேன். அப்பறம் ஜீப்போட முன் கண்ணாடிய மாத்துனேன். வீட்ல கேம் ஆடயிலயும் அப்படியே இருந்துச்சு. மானிட்டர மாத்துனேன். கார்டும் மாத்துனா சரியாயிரும்னு நெசமாவே நெனச்சேன் மாப்ள. சத்தியமா நெனச்சேன்."

ரபீக்குக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். கர்ணனின் தாய்மாமன், அனுசுயாவின் அப்பா, நாற்பது வயதுக்கு மேல் பொழுது சாய்ந்தால் வாசலைத் தாண்ட மாட்டார். மாலைக்கண் என்று சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் பகலிலும் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அது இருவருக்கும் தெரியும். அதனால் இரண்டு பேருமே அவரைப் பற்றிப் பேசவில்லை.

"அப்ப காலையில எப்படிடா மலையேறுற?"

"தடம் மனப்பாடம். எந்த வளைவுல எத்தன சுத்து ஒடிக்கணும்னு கைக்குத் தெரியும். முன்னாடி ஒரு ஜீப்பு போச்சுன்னா அதோட செவப்பு லைட்ட புடிச்சுக்கிட்டே போயிருவேன். சந்தனம்மாக்கா முன் சீட்டுல இருந்து பேசிக்கிட்டே வரும். அங்கன லாரி நிக்குது, இங்கன மாடு படுத்துருக்குன்னு. அது போதும்."

"எத்தன பேர் ஏத்துற?"

"பதினாலு."

ரபீக் கிளாசைக் கீழே வைத்தான். "நாளைக்கு ஓட்டாத."

"ஏலப்பழம் எடுக்குற சீசன் மாப்ள. தை பொறக்கட்டும். வண்டிய வேற டிரைவர்கிட்ட குடுத்துர்றேன். ஒரு மாசம், ஒன்றர மாசம்."

"நாளைக்கு ஓட்டாத கர்ணா."

பெயர் சொல்லி ரபீக் அவனைக் கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கர்ணன் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "நாளைக்கு ஓட்டத்தான் செய்வேன். நீ இத யார்கிட்டயும் சொல்லப்படாது. அனுசுயாகிட்டயும்."

இருவரும் கம்பம் பஸ்ஸில் ஏறினார்கள். சின்னமனூர் தாண்டியதும் கர்ணன், "செவப்புப் பெட்டியில ஓட்டம் நல்லாத்தான் இருந்துச்சு இல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றான் ரபீக்.

அன்று சாயங்காலம் ரபீக் நாலு முறை போன் செய்தான். கர்ணன் எடுக்கவில்லை. அனுசுயாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். அவளிடம் சொன்னால் அவள் அழுவாள், சண்டை போடுவாள், ஆனால் அவளுடைய பேச்சுக்கு அவன் வண்டியை நிறுத்தப் போவதில்லை. நண்பன் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம், யாரிடமும் சொல்லாதே என்பதுதான். எதைச் செய்தாலும் ஒன்றை இழக்கப் போகிறோம் என்று ரபீக்குக்குத் தெரிந்தது.

விடியுமுன் பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு பைக்கை எடுத்தான். சுருளிப்பட்டி மெயின் ரோட்டில் ஜீப் நின்றது. கார்த்திகை மாதத்துப் பனி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய பெண்கள் சாப்பாட்டு வாளிகளோடு பின்னால் நெருக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒரு இளம்பெண் கால் வைக்க இடமில்லாமல் நின்றாள். "ஏத்தா, என் மடியிலயாச்சும் ஒக்காரு, வெரசா ஏறு," என்று உள்ளிருந்து ஒருத்தி அவளை இழுத்துக்கொண்டாள்.

ரபீக் பைக்கை நிறுத்திவிட்டு ஜீப்பின் முன்பக்கமாகப் போனான். கர்ணன் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரபீக் அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில், அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நின்றான். கர்ணன் கண்ணாடியை ஒரு முறைக்கு இரண்டு முறை துடைத்தான், துணியைப் பிழிந்தான், கதவின் பிடியைக் கையால் தேடிக் கண்டுபிடித்து உள்ளே ஏறினான். ரபீக் நிற்பது அவனுக்குத் தெரியவே இல்லை.

இத்தனை நேரம் ரபீக்கின் மனதில் இருந்த தயக்கம் அந்த இடத்தில் தீர்ந்தது.

"மாப்ள," என்றான்.

கர்ணன் திடுக்கிட்டுத் திரும்பினான். குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டான். "போயிரு மாப்ள. ஒன் கால்ல விழுந்து கேக்குறேன்."

"சாவியக் குடு."

கர்ணன் வண்டியைக் கிளப்பினான். ரபீக் முன்னால் போய் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டான். முன் சீட்டில் இருந்த சந்தனம்மாள் எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். "என்னப்பா, ரெண்டு பேருக்கும் என்ன தகராறு, வேலைக்கு நேரமாகுதுல்ல?"

"ஆத்தா, எல்லாரும் எறங்குங்க. அவனுக்கு இருட்டுல கண்ணு தெரியல. ரெண்டு வருசமா தெரியல. நேத்துத்தான் எனக்கே தெரியும்."

பின்னால் இருந்த பேச்சு சத்தம் நின்றது. சந்தனம்மாள் கர்ணனைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த வாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றாள். "தெரிஞ்சுதான் முன்னாடி ஒக்காருறேன். ஒரு வருசமா நாந்தான் சொல்லிட்டு வாரேன். இவன் ஒரு நாளும் கண்டபடி ஓட்டுனவன் இல்ல. வேற ஜீப்புல என் வயசுக்கு எடம் குடுப்பாகளா? கங்காணி எளசுகளா பாத்துத்தான் ஏத்துறாக."

"நீங்க ஒரு நாள் அசந்து தூங்கிட்டீகன்னா?"

சந்தனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே இறங்கினாள். அவள் இறங்கியதைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் கர்ணனைத் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், "எம்புள்ளைக்கு மூணு வயசு," என்றாள், யாரிடம் என்றில்லாமல். அந்த இளம்பெண் இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

பெண்கள் இறங்கிய ஜீப் உறுமிக்கொண்டே இருந்தது. கர்ணன் ஸ்டியரிங்கை விடவில்லை. பின்பு எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து, ரபீக் இருந்த பக்கமாக நீட்டினான்.

"பதினாலு பொம்பளைக முன்னாடி," என்றான். "அனுசுயாகிட்ட சொல்லிருக்கலாம். எங்க அம்மாகிட்ட சொல்லிருக்கலாம். இல்ல, என்னைய நாலு அடி அடிச்சிருக்கலாம்."

"நேத்தே சொன்னனே மாப்ள."

"ஆமா, சொன்ன," என்றான் கர்ணன். இறங்கி, ஜீப்பின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டே நடந்து, அது முடிந்த இடத்தில் கையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். விடிய இன்னும் நேரம் இருந்தது. ரபீக் கூடப் போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தான். "வராத," என்றான் கர்ணன், திரும்பாமலே.

அனுசுயா அவனை மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டாம் தடவையும் போய்த் திரும்பி வந்த அன்று அவளே ரபீக்குக்குப் போன் செய்தாள்.

"விழித்திரையில சீக்காம்ண்ணே. கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துல இருந்து மூடிக்கிட்டே வருமாம். இப்ப ஒரு குழாய்க்குள்ள பாக்குற மாதிரித்தான் தெரியுதாம். மருந்து கெடையாதாம், கண்ணாடி போட்டும் புண்ணியம் இல்லையாம். முழுசா மூட இன்னும் பத்து வருசமோ, பதினஞ்சு வருசமோ, சொல்ல முடியாதுன்னுட்டாக." அவள் மூச்சு வாங்கினாள். "எங்க அப்பாவுக்கு இருந்ததும் இதேதானாம். சொந்தத்துல கட்டுனீகளான்னு கேட்டாக. எங்க மகளையும் கூட்டிட்டு வரச் சொன்னாக."

"கூட்டிட்டுப் போனியாம்மா?"

"போனேன். அவளுக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம். வருசா வருசம் காட்டணுமாம்." தணிந்த குரலில் சொன்னாள்: "வீட்ல அவுக கதவுல முட்டுவாக, தண்ணிக் கொடத்துல இடிச்சுக்குவாக. நான் குடிக்கப் பழகிட்டாகன்னு நெனச்சு ஒரு வருசமா அவுககூட சரியாப் பேசலண்ணே."



ஜீப்பைக் கூடலூர்க்காரர் ஒருவர் ஓட்ட எடுத்துக்கொண்டார். அனுசுயாவும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தாள், அதே ஜீப்பில், பின்னால் நெருக்கி உட்கார்ந்து. சந்தனம்மாளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை என்று கேள்வி. ரபீக் இரண்டு ஞாயிறு சுருளிப்பட்டிக்குப் போனான். இரண்டு முறையும் கர்ணன் தூங்குகிறான் என்று மகள் வந்து சொன்னாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். எபனேசர் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க பிரெண்டு வந்திருந்தாரு. கூட அவுக வீட்டம்மாவும் வந்தாங்க. சிஸ்டத்த முழுசா குடுத்துட்டுப் போயிட்டாரு, மானிட்டர், ஸ்டியரிங் எல்லாம். கார்டு புத்தம் புதுசா இருக்கு. பகல்லயாவது ஆடுங்கண்ணேன்னு சொல்லிப் பாத்தேன். வேணாம்னுட்டாரு." பிறகு சொன்னார்: "அன்னைக்கு நான் அந்த மழைக் காட்சிய ஓட விட்டிருக்கக் கூடாதுண்ணே."

"நீங்க ஓட விட்டதுதான் நல்லது," என்றான் ரபீக்.

அன்றே பள்ளியில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சுருளிப்பட்டிக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்ததற்கு, கர்ணன் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான் என்றார்கள்.

பந்தலுக்குள் தலையைக் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. இலைகளின் இடுக்கில் மதிய வெயில் துண்டு துண்டாக விழுந்தது. வரிசையாகப் பெண்கள் நின்று கையில் சின்னக் கத்தரிக்கோலோடு குலைகளில் வெடித்த பழங்களையும் அழுகிய பழங்களையும் நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரே ஆணாகக் கர்ணன் நின்றிருந்தான். முகத்துக்கு நேரே இருந்த குலையை மட்டும் பார்த்தான். ரபீக் அவனுக்கு எதிரே போய் நின்றான்.

"வா," என்றான் கர்ணன். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"கார்ட குடுத்துட்டியாமே."

"ஆமா. ஒரு நாள்தான் போட்டுப் பாத்தேன். நல்ல கார்டு. நீ சொன்ன செவப்புப் பெட்டிய வாங்கிருந்தாலும் குடுத்துருப்பேன்."

"நான் ஒண்ணு கேக்கணும் மாப்ள."

"கேக்க வேணாம். நானே சொல்லிர்றேன்." கர்ணன் குலையிலிருந்து கையை எடுத்தான். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் அதத்தான் சொன்னாக, இம்புட்டு நாள் ஒண்ணும் ஆகாம இருந்தது ஒங்க நல்ல நேரம்னு. அனுசுயாவும் அதத்தான் சொல்றா. எனக்கும் புத்திக்குத் தெரியுது. ஆனா ஒன் மொகத்தப் பாத்தா அந்தப் பொம்பளைக ஒவ்வொருத்தரா எறங்குனதுதான் எனக்குத் தெரியுது. வேற ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

கர்ணன் மறுபடி குலையைப் பிடித்தான்.

"கொஞ்ச நாளைக்கு நீ வராத."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல மாப்ள. எனக்கு இன்னும் கொஞ்ச வருசம்தான் மொகம் தெரியும்னு சொல்றாக. ஒன்னைய இப்படி நெனச்சுக்கிட்டே அந்த இருட்டுக்குள்ள போயிரப்படாதுன்னும் இருக்கு. ஆனா இப்ப முடியல."

அடுத்த வரிசையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஒரு பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு கர்ணனின் பக்கமாகக் கடந்தாள். "வழிண்ணே," என்று அவள் முன்கூட்டியே சொல்ல, அவன் காலை ஒதுக்கிக்கொண்டான். இங்கே எல்லாரும் அப்படிச் சொல்லப் பழகிவிட்டார்கள் போலிருந்தது.

"சரி மாப்ள," என்றான் ரபீக்.

கர்ணன் அடுத்த குலையைக் கையில் ஏந்தினான். அதை மெதுவாகத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பக்கத்தையும் தன் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, கெட்ட பழம் ஒவ்வொன்றாக நறுக்கினான். நறுக்கிய பழங்கள் காலடியில் விழுந்தன. அந்தக் குலை முடியும்வரை ரபீக் அங்கேயே நின்றான். அவன் அடுத்ததற்குக் கையை நீட்டியபோது பந்தலை விட்டு வெளியே வந்து பைக்கை எடுத்தான்.